மழை இல்லை என்று எழுதிய நாட்கள்

ஒக்டோபர் 11, செவ்வாய்

வெக்கை. காற்று அசையவில்லை. மாரி இன்னும் தொடங்கவில்லை. காலையில் பாணும் சம்பலும், சம்பலில் உப்புக் கூட. சைக்கிள் பின்சில்லில் காற்று இல்லை, பாலையூற்றிலிருந்து வானிலைக் கந்தோர் வரை உருட்டிக்கொண்டே வந்தேன்.

புது வேலை. பழைய மழைப் படிவங்கள் எல்லாவற்றையும் தூசு தட்டி எடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு கலாநிதி வருகிறார். பெரியவர் (எங்கள் பொறுப்பதிகாரி, உயரம் ஐந்தடி) என் மேசைக்கே வந்து சொன்னார்: "ஈசுவரி, இது உம்மட பொறுப்பு. அந்தப் படிவமெல்லாம் உம்மட கையெழுத்துத்தானே."

ஓம், என் கையெழுத்துத்தான். இத்தனை வருசமாக ஒருவரும் திறந்து பார்க்காத கையெழுத்து. இப்போது திடீரென்று அதற்கு மரியாதை.

விசயம் இதுதான். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று இந்தப் பக்கம் தென்னை வைக்கப்போகிறது. கன்று அவர்கள் தருவார்கள், காயை அவர்களே வாங்குவார்கள். மட்டைத் தும்பும் தேங்காய்ப்பாலும் கப்பலேறும். ஆனால் கன்று தர முதல், உலகம் சூடாகிக்கொண்டு போகிறபடியால், இன்னும் முப்பது வருசத்துக்கு இங்கே மழை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். நாளைக்குக் குடாவைக் கடந்து மூதூருக்கு லாஞ்சி ஓடுமா என்று சொல்ல ஆள் இல்லாத ஊரில்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தங்கச்சி சரோவின் பெயரும் அந்தக் கன்றுப் பட்டியலில் இருக்கிறது.

ஸ்டோரில் அகப்பட்டவை: படிவக் கட்டுகள் ஒரு அலுமாரி நிறைய, செத்த பல்லி, வெறும் சாராயப் போத்தல், நான் தொலைத்ததாக நினைத்த குடை. குடையில் துணி இல்லை, கம்பி மட்டும்.

நாளைக்கு: மேசை விரிப்புத் தோய்க்க. பிஸ்கட். சைக்கிளுக்குக் காற்று.


ஒக்டோபர் 12, புதன்

கலாநிதி வந்துவிட்டார். பெயர் வித்யா. முப்பது வயது இருந்தால் அதிகம். மடியில் கணினி, காலில் ஆம்பிளைச் சப்பாத்து. வந்தவுடன் என்னை "அன்ரி" என்றார். மிஸ் இல்லை, அக்காவும் இல்லை, அன்ரி. சரி.

கெட்டித்தனமான பிள்ளை, அதை மறைக்க ஏலாது. தேத்தண்ணி குடித்துக்கொண்டே விளக்கினார். மலையில் தேயிலைக்குச் சூடு கூடுகிறது. ரப்பருக்கு மழை பிந்துகிறது. தென்னைதான் இடம் மாறக்கூடிய பயிர், எந்தக் கரையில் தாக்குப்பிடிக்கும் என்று கண்டுபிடித்தால் வாங்குகிறவன் அங்கே காசைப் போடுவான். "வெளிநாட்டுக்காரன் இப்ப மண்ணைப் பாக்க முதல் மழையைத்தான் பாக்கிறான், அன்ரி."

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோடு வருமாம். கோடு மேலே போனால் பச்சை. கீழே போனால் சிவப்பு.

நான் வாசிக்க, அவர் தட்டினார். முதலில் நகரத்துப் படிவங்கள், பிறகு கிண்ணியா, பின்னேரம் எங்கள் ஊர், சரோ இருக்கிற கட்டைபறிச்சான். பழைய வருசங்கள் ஒழுங்காகப் போயின. பிறகு அந்தச் சண்டை வருசங்கள் வந்தன. நான் வாசித்தேன்: பூச்சியம். பூச்சியம். பூச்சியம். பூச்சியம்.

"கார்த்திகையிலயா?" என்று நிமிர்ந்து பார்த்தார். "பதினொரு நாள் தொடர்ந்து பூச்சியமா?"

"அப்பிடித்தான் கிடக்கு" என்றேன்.

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்க் குசினிப் பக்கம் நின்றேன்.

இங்கே எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள். அந்தப் பூச்சியங்கள் நான் போட்டவை.

கட்டைபறிச்சானில் மழைமானி பார்க்கிறவர் தங்கராசா, அங்குள்ள உபகந்தோர்க் காவலாளி. காலை எட்டரைக்குத் தகரத்தில் விழுந்த தண்ணீரை அளவுக்குழாயில் ஊற்றி, எத்தனை மில்லிமீற்றர் என்று குறித்து, மாதம் முடிய லாஞ்சியில் அனுப்புவார். சண்டை நேரம் அவரால் உபகந்தோர்ப் பக்கமே போக ஏலாது. அந்த நாட்களின் கட்டங்கள் வெறுமையாக வரும். வெறுமையாக நான் கொழும்புக்கு அனுப்பினால் படிவம் சிவப்பு மையோடு திரும்பி வரும். பூரணமற்றது, விளக்கம் தருக. இரண்டு தரம் விளக்கம் எழுதினேன். மூன்றாம் தரம் அப்போதிருந்த அதிகாரி (இப்போது கனடாவில், சுகமாக இருக்கிறாராம்) சொன்னார்: "வெறுமையா விடாதையும் ஈசுவரி. ஏதாவது போடும்."

ஏதாவது.

பெய்யாத மழையை எழுத மனம் வரவில்லை. அது பொய். பூச்சியம் பொய் இல்லை என்று நினைத்தேன். பூச்சியம் என்றால் ஒன்றும் இல்லை, ஆள் வரவில்லை, சேதி இல்லை. அப்படித்தான் அன்றைக்கு என் மண்டைக்குள் இருந்தது. இன்றைக்கு அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட அது வறட்சியாகப் போய்க் குந்துகிறது.


ஒக்டோபர் 13, வியாழன்

மேகம், மழை இல்லை. தலையிடி.

இன்னும் ஒன்று ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம். அந்தக் கார்த்திகை முடிய தங்கராசா தானே லாஞ்சியில் வந்தார். சேர்ட்டுப் பையில் ஒரு துண்டுக் கடதாசி. "மிஸ், பதினொரு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தனான். தகரம் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிக்குது. முழுக்க அளந்து எழுதியிருக்கிறன்."

நான் என்ன சொன்னேன்? "ஒரு நாளைக்கு ஒரு கட்டம் தங்கராசா. பதினொரு நாளுக்குச் சேர்த்து எழுதக் கட்டம் இல்லை." துண்டை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன். அந்த மேசையே இப்போது இல்லை.

அந்த மனிதர் செல் குண்டு விழுந்த வளவுக்குள் போய் மழையை அளந்துகொண்டு வந்தவர். அவருக்கு நான் கட்டத்தைக் காட்டினேன்.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் நிற்கிறது. எங்கேயோ ஒரு நாட்டில் மழை பிழைத்துவிட்டதாம், மா விலை ஏறப்போகிறதாம், பேக்கரிக்காரர் சொன்னார். அவன் ஊரில் மழை பிழைத்தால் எங்கள் பாண் சிறுக்கும். எங்கள் ஊரில் மழை பெய்தாலும் கடதாசியில் பிழைத்துவிடும்.


ஒக்டோபர் 15, சனி

காலை லாஞ்சி, மூதூருக்கு. ஜெற்றியில் நேவிக்காரன் என் பையைக் கொட்டிப் பார்த்தான். ஒரு இறாத்தல் பாண், இரண்டு சவர்க்காரம், சரோவுக்கு ஒரு சீலை. சீலையை விரித்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான். என்ன கண்டானோ.

லாஞ்சியில் கிண்ணியா நசீர் நானா. கன்று மேடை வைத்திருப்பவர், கம்பனிக்குக் கன்று கொடுக்கப்போகிறவர் அவர்தான். என்னைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்து இருந்தார். "என்ன ஈசு தங்கச்சி, மழைக் கந்தோர்க்காரர் எல்லாம் மாரி தொடங்க முதல் கடல்ல எறங்கிட்டீங்க? மழை வராதெண்டு ஒங்களுக்குத் தெரியும் போல இரிக்கி."

பகிடிக்குத்தான் சொன்னார். நான் சீலையைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஒங்கட தங்கச்சிர தென்னங்கண்டு தனியா எடுத்து வெச்சிரிக்கன். நல்ல கண்டு. தெரிஞ்செடுத்தது" என்றும் சொன்னார்.

சரோ வளவு. நாற்பது குழி. எல்லாம் அவளே வெட்டியது, பக்கத்து வீட்டு மனிசியோடு சேர்ந்து. ஒவ்வொரு குழியிலும் அடியில் உரிமட்டை அடுக்கியிருக்கிறாள், குழிவு மேலே பார்க்க, தண்ணீர் பிடிக்கட்டும் என்று. மேலே உப்பு ஒரு பிடி, மணல். உள்ளங்கையைக் காட்டினாள். தோல் உரிந்து காய்த்துப் போயிருந்தது.

"காய்க்க அஞ்சு வருசம், அக்கா. அதுக்கிடையில தும்புக் கொட்டில் போட்டுத் தாறாங்களாம். பொம்பிளையளுக்கு வேலை. இனி நான் ஆருடைய வளவுக்கும் புல்லுப் பிடுங்கப் போகத் தேவையில்லை."

புருசன் இயக்கத்துக்கும் ஆமிக்கும் நடுவில் எங்கோ காணாமல் போய் எத்தனை வருசம். பிள்ளை ஒன்று, மதி. அதுவும் சண்டைக்கு ஓடிய ஓட்டத்தில், அகதிகளை வைத்த பள்ளிக்கூடத்தில், காய்ச்சலில் போனது. ஐந்து வயது. சரோ அதைப்பற்றிக் கதைப்பதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

மீன் சொதி, சுங்கான் கருவாட்டுப் பொரியல். நிறையச் சாப்பிடச் சொன்னாள். பூச்சியக் கதையைச் சொல்லாமலே வந்துவிட்டேன்.


ஒக்டோபர் 18, செவ்வாய்

தூறல், அரை மணித்தியாலம். பிறகு வெயில்.

வித்யா படத்தைக் காட்டினார். மாவட்டம் முழுக்க நிறம். நகரம் பச்சை. கிண்ணியா பச்சை. கொட்டியாரக் குடாவைத் தாண்டினால் கட்டைபறிச்சான் சிவப்பு. பக்கத்துப் பக்கத்து ஊர்கள், நடுவில் ஒரு துண்டுத் தண்ணீர், மழைக்கு அது தெரியுமா?

"பாத்தீங்களா அன்ரி, எவ்வளவு தெளிவா விழுது? காலநிலை மாற்றத்தை இவ்வளவு சுத்தமா நான் வேற எங்கயும் பாக்கல்ல." கண் மின்னியது. பாவம், அந்தப் பிள்ளைக்குச் சந்தோசம். கோடு சண்டை தொடங்கின வருசத்தில் விழுகிறது, சண்டை ஓய்ந்த வருசத்தில் கொஞ்சம் நிமிர்கிறது. எனக்குத் தெரிகிறது. அவருக்கு அது வெறும் மழை.

பெரியவர் பின்னால் நின்று "அருமை, அருமை" என்றார். எது அருமை? எங்கள் ஊர் காய்ந்து போவதா?

சொல்ல வாயெடுத்தேன். பெரியவர் பிஸ்கட் தட்டை நீட்டினார். எடுத்துச் சாப்பிட்டேன். வெட்கங்கெட்டவள்.


ஒக்டோபர் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்கு, அவர் தங்கியிருக்கிற விடுதிக்குப் போனேன். கந்தோரில் சொல்லத் துணிவு இல்லை. முற்றத்தில் இரண்டு கதிரை. படிவங்களை விரித்து, எது தங்கராசா அளந்தது, எது நான் போட்டது என்று விரலால் காட்டினேன். நாற்பது நிமிடம். இடையில் ஒரு தரமும் அவர் "அன்ரி" என்று சொல்லவில்லை.

நான் நினைத்தது இவ்வளவுதான்: சொன்னால் திருத்துவார். சிவப்பு பச்சையாகும். எனக்கு ஏதாவது தண்டனை வரும், வரட்டும்.

வித்யா கணினியை மூடினார். "இத திருத்த ஏலாது, ஈசுவரி மிஸ். உண்மையான அளவு எங்க இருக்கு?"

இல்லை. லாச்சி, மேசை, எல்லாம் போய்விட்டது. தங்கராசாவுக்கு எண் ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விசர்க் கேள்வியாகப் பட்டது.

"அப்ப இந்த நிலையத்தையே எடுத்துட வேணும். நகரத்து மழைய அங்க போட்டா நடுவில கடல், ஒருத்தரும் ஏத்துக்க மாட்டாங்க. படத்தில உங்கட ஊர் வெறும் வெள்ளையா இருக்கும்."

வெள்ளை என்றால் சிவப்பைவிட நல்லதுதானே என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். சிவப்பு இடத்துக்கும் கம்பனி கன்று தர இருந்ததாம். பாதிப் பங்கு, வறட்சி தாங்குகிற இனம், பரீட்சார்த்தமாக. வெள்ளைக்கு ஒன்றும் இல்லை. தகவல் இல்லாத இடத்தில் ஒருவனும் காசு போடமாட்டான்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். நிறுத்தியிருக்கத் தேவையில்லை. மிச்சத்தை வீடு வரும் வழியெல்லாம் நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.


ஒக்டோபர் 20, வியாழன்

கடிதம் எழுதிக் கொடுத்தேன். வித்யா கேட்டார், அவருக்கும் கையில் ஏதாவது வேண்டும். நான்கு வரி. இன்ன இன்ன நாட்களுக்குரிய அளவுகள் அவதானிக்கப்பட்டவை அல்ல, என்னால் இடப்பட்டவை. கையொப்பம்.

பெரியவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உமக்கென்ன விசரே? இன்னும் மூண்டு வருசத்தில பென்சன். ஆர் கேட்டது உம்மட்ட?"

ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் விசயம்.

"கன்று கிடைச்சிருக்குமே அந்தச் சனத்துக்கு. பாதியெண்டாலும்." அதையும் சொன்னார். ஐந்தடி உயரம், ஆனால் சரியான இடத்தில் அடிக்கத் தெரியும்.

இன்றைக்குச் செய்தவை:
- கடிதம், மூன்று பிரதி.
- சைக்கிள் ரியூப் ஒட்டினது.
- மதியம் சாப்பிடவில்லை.
- கழிப்பறைக்குள் நின்று அழுதது, ஐந்து நிமிடம். வெளியே வந்தபோது கணக்காளர்ப் பிள்ளை "மிஸ்ஸுக்குத் தடிமனா, மூக்கெல்லாம் சிவந்திருக்கு?" என்று கேட்டது. ஓம் என்றேன்.

வித்யா பின்னேரம் பஸ்ஸில் போனார். போகும்போது கையைப் பிடித்து "நீங்க செஞ்சது சரி மிஸ்" என்றார். சரி செய்தவளுக்கு ஏன் இப்படி இருக்கிறது?


ஒக்டோபர் 22, சனி

விடியப் புறமாக மழை. நல்ல மழை. கூரைப் பீலி ஒழுகி வாளி வைத்தேன்.

சந்தையில் நசீர் நானா. மரவள்ளிக் கிழங்கு பேரம் பேசிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டு கிழங்கைக் கீழே வைத்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. "தங்கச்சி, கம்பனிக்காரன் ஃபோன் எடுத்தான். ஒங்கட ஆக்கள்ற பக்கம் இல்லயாம். நான் பிரிச்சி வெச்ச கண்டெல்லாம் லொறியில வேற மாவட்டத்துக்குப் போவுது. திங்கள் ஏத்துறாங்க."

பிறகு: "ஏன் எண்டு கேட்டன். மழைக் கணக்கு இல்லயாம். அதென்ன கத? மழைக்குக் கணக்கு இல்லாம எப்பிடி? ஒங்கட கந்தோர்லதானே இரிக்கி?"

எனக்குத் தெரியாது நானா என்றேன். புதன்கிழமை உண்மை சொன்ன அதே வாய்.

சரோவுக்குத் தானே சொல்லுவதாகச் சொன்னார். வேண்டாம், நான் போகிறேன் என்றேன். அதையாவது.


ஒக்டோபர் 23, ஞாயிறு

கடல் கொந்தளிப்பு. லாஞ்சி பிந்தித்தான் வெளிக்கிட்டது. பக்கத்தில் இருந்த பெண் வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டே வந்தாள். மூதூரிலிருந்து ஓட்டோ, ஆமிச் சென்றியில் இறங்கி நடை, அடையாள அட்டை, திரும்ப ஓட்டோ.

சரோ முற்றத்தில் நின்றாள். பெய்த மழையில் குழிகளுக்குள் தண்ணீர் நின்றது. அவளுக்கு அதில் பெரிய புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா அக்கா, மட்டை எல்லாம் நல்லா ஊறிப்போச்சு. இப்ப கொண்டு வந்தாச் சரி."

கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன், இருந்தால் சொல்ல வராது என்று பயம். கன்று வராது. வேறு இடத்துக்குப் போகிறது. ஏன் என்றால் எங்கள் கந்தோர் மழைக் கணக்குப் பிழை. பிழை விட்டது நான்.

அவள் உடனே கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள். கையைச் சட்டையில் துடைத்தாள். "சரி. கன்று போனால் போகட்டும். கச்சான் கடலை போடலாம்" என்றாள். அவளுடைய குணம் அது, நான் அழப்போகிறேன் என்று கண்டால் தன்னுடையதை ஒதுக்கி வைத்துவிடுவாள். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

தேத்தண்ணி வைத்தாள். குசினி வாசலில் இருந்து குடித்தோம். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்:

"எந்த நாளில பிழை விட்டனி?"

சொன்னேன். வருசம். கார்த்திகை. சண்டை தொடங்கி ஆட்கள் வெளிக்கிட்ட நாளிலிருந்து பதினொரு நாள்.

"என்ன எழுதினனி?"

"பூச்சியம்."

"பூச்சியமெண்டால்?"

"மழை இல்லை எண்டு."

கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நாங்கள் ஓடேக்க விடாத மழை. மூண்டு நாள் மரத்துக்குக் கீழ. பிள்ளையை உரப்பையால சுத்தி நெஞ்சோட வைச்சுக்கொண்டு நடந்தனான், பைக்குள்ளயும் தண்ணி. பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரேக்க அதுக்கு உடம்பு நெருப்பு. குளிருதம்மா, குளிருதம்மா எண்டுதான் கடைசியாச் சொன்னது. அந்த மழையிலதான் என்ர பிள்ளை போனது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நீ மழை பெய்யேல்லை எண்டு எழுதினனியா?"

ஓம் என்றேன்.